கை நனைக்காத நடுவர்

சுவிஸ் நாட்டின் லுசேர்ண் நகரில் தமிழருக்கு ஒரு மண்டபம் கிடைத்த கிழமையிலேயே அவர்களுக்குள் இரண்டு கட்சிகளும் உண்டாகிவிட்டன. 1985ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். மண்டபம் என்று பெயர்தான். உண்மையில் அது ஒரு கத்தோலிக்கக் கோயிலின் கீழே, பழைய வாங்குகளும் நத்தார் அலங்காரங்களும் அடுக்கி வைத்திருந்த நிலவறை. சனிக்கிழமைகளில் வீடியோ போட்டுப் படம் பார்க்கலாம், பிள்ளைகள் உள்ள நாலைந்து குடும்பங்கள் தமிழ் வகுப்பு நடத்தலாம், சரசுவதி பூசையும் செய்யலாம் என்று கோயில் பாதர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சாவியை ஒரு ஆளின் கையில்தான் கொடுப்பார். அந்த ஆள் யார் என்பதை அவர்களே தீர்மானித்துக்கொண்டு வரவேண்டும்.

அதைத் தீர்மானிக்கத்தான் அவர்களால் முடியவில்லை.

அநேகம்பேர் இளைஞர்கள். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை ஏரிக்கரை ஹோட்டல்களின் குசினிகளில் வேலை செய்தவர்கள். ஊரில் ஒருவரையொருவர் கண்டிராதவர்கள், இங்கே வந்ததும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியார் ஒரு பக்கம், அதன் தீவுகளிலிருந்து வந்த தீவார் மறுபக்கம் என்று சேர்ந்துகொண்டார்கள். வடமராட்சிக்கு இராஜேந்திரன் வாய். கம்பியைப் போல ஒல்லியான ஆள். கோபம் வந்தால் எழும்பி நின்றுதான் கதைப்பான். தீவுக்குக் கனகரத்தினம். வயது நாற்பதைத் தாண்டியவர், மனைவி பிள்ளைகளோடு வந்து சேர்ந்தவர், ஆகவே எல்லோருக்கும் அண்ணை.

"சாவியைக் கனகரத்தினத்தாரிட்டைக் குடுத்தால் என்ன படம் போடுறது எண்டும் அவைதான் சொல்லுவினம், பூசை எத்தினை மணிக்கு எண்டும் அவைதான் சொல்லுவினம்" என்றான் இராஜேந்திரன்.

"உங்களிட்டைத் தந்தால் கதவே திறவாது, தம்பி. நீங்கள் முதல் நேரத்துக்கு எழும்பப் பழகுங்கோ" என்றார் கனகரத்தினம்.

யாரோ ஒரு வாங்கைத் தள்ளினான். இன்னொருவன் சட்டைக் கையை மடித்தான். இந்த நேரத்தில்தான் குணசேகரம் வாயைத் திறந்தான். திறக்க வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இருக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்து, பட்டம் எடுப்பதற்கு முன்பே வெளிக்கிட்டு வந்தவன் அவன். இப்போது ஒரு ஹோட்டலில் சட்டி பானை கழுவினான்.

"இத்தாலியிலையும் இப்பிடித்தான் நடந்தது" என்றான்.

"இத்தாலியிலை எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இப்ப இல்லை. எழுநூறு எண்ணூறு வருசத்துக்கு முன்னம்."

சிரிப்பு எழும்பியது. சிரிப்பு எழும்பியதால் கோபம் கொஞ்சம் தணிந்தது. அவன் தொடர்ந்தான். அந்தக் காலத்தில் இத்தாலியில் ஒவ்வொரு நகரமும் ஒரு தனி நாடு மாதிரி. மேலே கட்டியாள அரசன் இல்லை. கம்பளி, பட்டு, கடல் வியாபாரம் என்று பணம் புரண்டது. ஆனால் ஊருக்குள்ளே இரண்டு பெரிய குடும்பம் இருந்தால் இரண்டு கட்சி. ஒருத்தன் வீட்டுக்கு மேலே ஒரு கோபுரம் கட்டினால் மற்றவன் அதைவிட உயரமாக இன்னொன்று கட்டுவான். அதன் மேலே ஏறி நின்று கல்லெறிவான். வெட்டுக்குத்துப் பட்டு அலுத்துப்போய்க் கடைசியில் ஒரு வழி கண்டார்கள். வேறு ஊரிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டு, ஒரு வருசத்துக்கு நடுவராக வைப்பது. பொடெஸ்தா என்று அவனுக்குப் பெயர்.

"அவனும் ஒரு பக்கம் சாயமாட்டானோ?" என்று கேட்டார் கனகரத்தினம்.

"அதுக்குத்தான் சட்டம் வைச்சவை, அண்ணை. அந்த ஊரிலை அவனுக்குச் சொந்தக்காரர் இருக்கக்கூடாது. அந்த ஊரிலை கலியாணம் செய்யக்கூடாது. ஒருத்தற்ரை வீட்டிலையும் கை நனைக்கக்கூடாது, தண்ணி கூட."

"அப்ப அவன் பட்டினியோ?"

"தன்ரை சமையல்காரனைக் கையோட கூட்டிக்கொண்டு வருவான்."

இராஜேந்திரன் அவனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தான். "குணம், நீ வவுனியா எல்லோ?"

அதோடு கதை முடிந்தது. வவுனியாக்காரன் வடமராட்சியும் இல்லை, தீவும் இல்லை. லுசேர்ணில் அவனுக்கு ஒரு சொந்தக்காரரும் இல்லை. பகிடியாகத் தொடங்கியது பத்து நிமிடத்தில் தீர்மானமாகிவிட்டது. குணசேகரம் வேண்டாம் என்று சொன்னான். அவன் சொன்ன விதத்திலிருந்தே அவனுக்கு அது வேண்டும் என்பது மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் விளங்கிற்று.

அடுத்த நாள் குசினியில் ஆல்டோவிடம் இதைச் சொன்னான். ஆல்டோ இத்தாலியில் பெர்கமோ பக்கத்துச் சமையல்காரர். இருபது வருடமாக அதே ஹோட்டலில் இறைச்சி வாட்டுபவர். தன் நாட்டுச் சரித்திரத்தைத் தமிழர் எடுத்து நடத்துவதைக் கேட்டு அவர் மகிழ்வார் என்று குணசேகரம் எதிர்பார்த்தான். பொடெஸ்தா என்ற பேரைக் கேட்டதும் ஆல்டோ கரண்டியைக் கீழே வைத்தார். முசோலினியின் காலத்தில் ஊருக்கு ஊர் மேலிடத்திலிருந்து அனுப்பப்பட்ட தலைவனுக்கும் அதே பெயர்தானாம். அவனுடைய ஆட்கள் ஆல்டோவின் தகப்பனைப் பிடித்துக் கட்டி வைத்து ஆமணக்கெண்ணெய் பருக்கினார்களாம்.

"அது வேற, இது வேற" என்று தன் அரைகுறை ஜெர்மனில் விளக்கினான் குணசேகரம்.

"எல்லாம் ஒன்றுதான்" என்றார் ஆல்டோ. பிறகு கொஞ்சம் யோசித்து, "முதலில் நல்லவனாகத்தான் இருந்திருப்பான்" என்றும் சொன்னார்.

சாவி அவன் கைக்கு வரச் சில கிழமைகள் எடுத்தது. வந்த பிறகு முதல் சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே நடந்தன. ஒரு சனி வடமராட்சியார் விரும்பிய படம், மறு சனி தீவார் விரும்பியது. தமிழ் வகுப்புக்கு யார் படிப்பிப்பது, ஊரிலிருந்து வரும் செய்தித்தாளை முதலில் யார் வாசிப்பது என்ற வழக்குகள் எல்லாம் அவனிடம் வந்தன. அறைத் தோழர்களின் சண்டையைத் தீர்க்க அவன் வீடு வீடாகவும் போகவேண்டி வந்தது. போன இடத்திலெல்லாம் தேத்தண்ணி வரும். அவன் கும்பிட்டு, "சட்டம்" என்பான். வந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்புவது என்றால் எங்கள் ஆட்களுக்கு அது முகத்தில் அடித்த மாதிரி. முதல் இரண்டு வீட்டில் முகம் கறுத்தது உண்மை. ஆனால் கனகரத்தினத்தின் மனைவி பரமேஸ்வரி அதையே ஒரு பெருமையாக மாற்றிவிட்டாள்.

"எங்கட வீட்டிலை வடை சுட்டு வைச்சனான், திரும்பியும் பார்க்கேல்லை மனுசன். அவ்வளவு நேர்மை!" என்று அவள் மண்டபத்தில் சொல்ல, அடுத்த வீட்டுக்காரரும் தங்கள் வீட்டிலும் குடிக்கவில்லை என்று சொல்லத் தொடங்கினார்கள். குணம் என்று கூப்பிட்டவர்கள் நடுவர் என்று கூப்பிட்டார்கள். அவன் வந்தால் வாங்கின் நடுவே இடம் விட்டார்கள். வவுனியாவில் அவனை யாரும் இப்படி நடத்தியதில்லை. ஏரிக்கரையால் நடந்து வேலைக்குப் போகும்போது, தெருவின் இரண்டு பக்கமும் தன்னை யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போல அவன் நிமிர்ந்து நடந்தான்.

அவனுடைய அறைத் தோழன் தவச்செல்வனுக்கு மட்டும் இது பெரிய பகிடி. தவம் அதே குசினியில் மரக்கறி வெட்டுபவன். ஹோட்டல் ஊழியர் விடுதியில் கூரைக்குக் கீழே இருந்த சின்ன அறையில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். ஒரு மின்னடுப்பு, ஒரு பானை. யாருக்கு வேலை முந்தி முடிகிறதோ அவன் சமைப்பான். தவத்தின் கைக்கு ருசி உண்டு என்பது ஊரறிந்த விஷயம். மண்டபத்தில் பொதுச் சாப்பாடு என்றால் அவன்தான் சமையல்.

"நடுவர் ஐயா, எழும்பிச் சட்டியைக் கழுவுங்கோ. இந்த வழக்கு நான் தீர்த்திட்டன்" என்பான்.

வினையும் அந்தப் பானையில்தான் வந்தது. தை பிறந்த பிறகு நடந்த ஒரு கூட்டத்தில், தன் பக்கத்துக்குப் பாதகமாக ஒரு தீர்ப்புக் கிடைத்த எரிச்சலில் இராஜேந்திரன் எழும்பினான்.

"நடுவர் எங்கள் ஒருத்தற்ரையும் தேத்தண்ணி குடிக்கமாட்டார். தவத்தின்ரை சோத்தை மட்டும் நெடுகத் தின்னுறார். தவமும் எங்களிலை ஒரு ஆள்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். தவமும் சிரித்தான். குணசேகரம் சிரிக்கவில்லை. இராஜேந்திரன் சொன்னதில் பிழை இல்லை என்று அவனுக்குப் பட்டது. ஒருவனுக்கு விலக்கு வைத்தால் அது சட்டமா? அந்த இத்தாலியர் இதற்குத்தானே இவ்வளவு கவனமாக எழுதி வைத்தார்கள்? அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னிலையிலும், இனித் தான் தனியாகச் சமைக்கப்போவதாக அவன் அறிவித்தான். கைதட்டல் எழும்பியது. கைதட்டல் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது அதுவே முதல் தடவை.

வீட்டுக்கு நடக்கும்போது தவம் கேட்டான்: "மச்சான், பகிடிக்கோ சொன்னனீ?"

"இல்லையடா. சட்டமெண்டால் எல்லாருக்கும் ஒண்டுதானே."

"ஓம், அதுவும் சரிதான்" என்றான் தவம்.

புதுப் பானை ஒன்று வந்தது. ஒரே அடுப்பில் முதலில் ஒருவன், பிறகு மற்றவன். முதலில் சிரித்துக்கொண்டுதான் செய்தார்கள். பிறகு ஒருவன் சாப்பிடும்போது மற்றவன் ஏதாவது காரணம் சொல்லி வெளியே போகப் பழகினான். பிறகு காரணம் சொல்வதும் நின்றது. குணசேகரத்துக்கு இதில் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. என்ன சரியில்லை என்று பிடிபடவில்லை. ஒரு வருடம்தானே, ஐப்பசி வந்தால் எல்லாம் பழையபடி ஆகும் என்று எண்ணிக்கொண்டான்.

ஐப்பசியில் சரசுவதி பூசை வந்தது. நிலவறையைக் கழுவி, நத்தார் அலங்காரத்தில் இருந்த மின்விளக்குகளைப் பாதரிடம் கேட்டு வாங்கிப் படத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் ஒரு தீவுப் பொடியன் நின்று சோறு போட்டான். தவத்தைக் காணவில்லை.

"தவம் எங்கை? இந்த முறை அவன் சமைக்கேல்லையோ?" என்று குணசேகரம் கேட்டான்.

பரமேஸ்வரி கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் அருகே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "கோயில் காரியம் எல்லோ, தம்பி. அதுதான் மாத்தினாங்கள். எல்லாம் உங்கட கெட்டித்தனம். வாயாலை ஒரு சொல்லுச் சொல்லாமல் எங்களுக்கு விளங்கப்படுத்தினியள்."

"என்னத்தை விளங்கப்படுத்தினன்?"

"சும்மா போங்கோ!" என்று அவள் சிரித்தாள். "அந்தப் பொடியன்ரை ஆக்கள் ஆரெண்டு எங்களுக்கு முதல் தெரியாது. நீங்கள் உலையைப் பிரிச்ச பிறகுதான் இவர் ஊருக்கு எழுதி விசாரிச்சவர். அவையோட நாங்கள் ஊரிலை தண்ணி வென்னி புழங்கிறேல்லை. நீங்கள் கூட இருந்தனியள், முந்தியே அறிஞ்சிருப்பியள்."

"அக்கா, நான் ஒருத்தற்ரை வீட்டிலையும் குடிக்கேல்லையே. உங்கட வீட்டிலையும் குடிக்கேல்லை."

"அது மரியாதைக்கு. இது வேற எல்லோ" என்றாள் அவள், மிகவும் இயல்பாக. பிறகு அவனைத் தேற்றுவதுபோல, "பயப்படாதேங்கோ, உங்கட பக்கமும் விசாரிச்சனாங்கள். அதுக்குப் பிறகுதான் சாவியைத் தந்தது" என்று சேர்த்துக்கொண்டாள்.

குணசேகரம் நின்ற இடத்திலேயே நின்றான். படத்துக்கு முன்னால் பிள்ளைகள் தேவாரம் பாடத் தொடங்கியிருந்தார்கள். எல்லோர் வீட்டிலும் ஒரே மாதிரித்தான் அவன் நடந்துகொண்டான். அப்படியிருக்க ஒரு வீட்டில் அது மரியாதை, இன்னொரு வீட்டில் அது தள்ளிவைப்பு என்றால், அவன் செய்தது எது? தனக்கு முதலே தெரியுமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். தெரியாது. ஆனால் தவம் ஊர்ப் பெயரைச் சொல்வான், ஊருக்குள் எந்தக் குறிச்சி, எந்தத் தெரு என்று சொல்லமாட்டான். அதை ஒருநாளும் கேட்காமல் இருந்தது தன் பெருந்தன்மை என்று குணசேகரம் எண்ணியது உண்டு. ஒன்றும் தெரியாதவனுக்குப் பெருந்தன்மை எதற்கு?

அறைக்கு ஓடினான். தவம் கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்துச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் பாலேந்திரன் ஆரா என்ற ஊரில் இருப்பதைக் காட்டி அந்தக் கன்டோனுக்கு, அதாவது அந்த மாநிலத்துக்கு, மாற அனுமதி கேட்டிருந்தானாம். கிடைத்துவிட்டதாம்.

"எப்ப கேட்டனீ?"

"மாசியிலை."

உலை பிரிந்தது தையில். குணசேகரம் கட்டிலின் விளிம்பில் இருந்தான். "தவம், சத்தியமா எனக்கு ஒண்டும் தெரியாதடா. நான் அந்த எண்ணத்திலை செய்யேல்லை."

"நீ செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் போறாய்?"

தவம் ஒரு சட்டையை இரண்டாம் தரம் மடித்தான். "இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தது ஒரு விசயத்தை விட்டிட்டு வரத்தான், மச்சான். அதை இத்தாலியிலையிருந்து சுத்திக் கொண்டுவந்து என்ரை அடுப்பிலை வைச்சிட்டாய்." பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்ததா இல்லையா என்று குணசேகரத்தால் சொல்ல முடியவில்லை. "சட்டியை நீயே வைச்சிரு. எனக்குப் பாரம்."

வருடம் முடிந்த கூட்டத்தில் இன்னொரு வருடமும் அவனே இருக்கவேண்டும் என்று இரண்டு கட்சியும் ஒரே குரலில் கேட்டன. அவன் படித்த நகரங்களிலும் இப்படித்தான் தொடங்கியது. ஒரு வருடம் இரண்டாகி, இரண்டு ஐந்தாகி, கடைசியில் ஒரு குடும்பமே ஊரை எழுதி எடுத்துக்கொள்ளும். அரண்மனை எழும்பும், ஓவியர்கள் வருவார்கள், உலகம் வியக்கும்படி ஊர் அழகாகும். கூட்டம் கூடிக் கையுயர்த்தும் வழக்கம் மட்டும் நின்றுபோகும். இது தெரிந்தும் அவனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. எழும்பி நின்று, முதலில் வேறொரு விஷயம் கதைக்கவேண்டும் என்றான். தவத்தைச் சமையலிலிருந்து விலக்கியது பிழை என்றான். தான் ஆராவுக்குப் போய்த் தவத்தின் வீட்டில் சாப்பிடப்போவதாகவும் சொன்னான்.

ஒருவரும் கோபிக்கவில்லை. அதுதான் அவனைக் குழப்பிற்று.

"அதுக்கென்ன, போய்ச் சாப்பிடுங்கோவன், தம்பி" என்றார் கனகரத்தினம். "ஆரும் வேண்டாமெண்டு சொன்னவையோ?"

"பூசைக்கு ஏன் அவனை மாத்தினியள்?"

"பாவம், அவனுக்கு வேலை கூட எண்டு மாத்தினது. இதையெல்லாம் ஏன் சபையிலை கதைக்கிறியள்?"

இராஜேந்திரனைப் பார்த்தான். எதற்கெடுத்தாலும் எழும்பி நிற்கும் இராஜேந்திரன் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "உண்மைதான். நடுவர் தேவையில்லாத கதை கதைக்கிறார்" என்றான். ஒரு வருடமாக எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் ஒத்துப்போனார்கள். செய்யவில்லை என்று எல்லோரும் சொல்லும் ஒரு காரியத்துக்கு என்ன தீர்ப்புச் சொல்வது? அவன் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

அதன்பிறகு நடந்தவற்றை அவன் தூரத்திலிருந்துதான் பார்த்தான். சாவிக்காகப் பழைய சண்டை திரும்பவும் மூண்டது. தீவாரை அடக்குவதற்கு இராஜேந்திரன் சூரிச்சிலிருந்த ஒரு பெரிய அமைப்பைக் கூப்பிட்டான். கோட்டுப் போட்ட ஒருவர் ரயிலில் வந்து இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார். சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். பிறகு ஒரு படம் போடுவதற்கும் வடமராட்சியாரும் தீவாரும் சேர்ந்தே சூரிச்சுக்கு டெலிபோன் எடுக்கவேண்டி வந்தது. மிலான் பிரபு தெற்கே இருந்த ஒரு அரசன் மேலிருந்த பயத்தில் பிரெஞ்சு அரசனை மலை தாண்டி வா என்று அழைத்ததையும், சில வருடங்களில் அதே பிரெஞ்சுக்காரருக்குப் பயந்து சுவிஸ் கூலிப்படையாளின் உடுப்பைப் போட்டுக்கொண்டு அணிக்குள் ஒளிந்து பிடிபட்டதையும் குணசேகரம் ஆல்டோவுக்குச் சொன்னான். ஆல்டோ அதைக் கேட்டுச் சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆராவுக்குப் போவேன் என்று சபையில் சொன்னவன் உடனே போகவில்லை. போனால் என்ன சொல்வது என்று தெரியாமல் மாதங்கள் கழிந்தன. 1987 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கிளம்பினான். இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் இறங்கியிருந்த நேரம் அது. லுசேர்ணில் சிலர் இனிப்புக் கொடுத்தார்கள், சிலர் கதவைப் பூட்டிக்கொண்டு வானொலி கேட்டார்கள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவனுக்கும் தெரியவில்லை. ஓல்ட்டனில் ரயில் மாறி உட்கார்ந்த பிறகு, அந்தச் சட்டங்களில் தான் மண்டபத்தில் சொல்லாமல் விட்ட ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. தவணை முடிந்த நடுவர் உடனே ஊரை விட்டுப் போக முடியாது. சில நாட்கள் அங்கேயே தங்கியிருக்க வேண்டும். யாருக்காவது அவன்மேல் முறைப்பாடு இருந்தால் வந்து சொல்லலாம். அதை அன்று மறந்துபோய் விட்டானா, வேண்டுமென்றே விட்டானா என்பது அவனுக்கே நிச்சயமில்லை.

தவம் கதவைத் திறந்தான். கொஞ்சம் கொழுத்திருந்தான். "வா" என்றான். எங்கள் ஆட்கள் வந்தவரிடம் முதலில் கேட்பது சாப்பிட்டியோ என்றுதான். தவம் அதைக் கேட்கவில்லை. மத்தியானம், குசினியிலிருந்து பருப்பு தாளித்த வாசம் வந்தது.

"சரித்திரக்காரன், இந்தியன் ஆமி வந்திட்டுது. இனி என்ன நடக்கும்?"

"தெரியாது."

"படிச்சனீயெல்லோ?"

"படிச்சதாலைதான் தெரியாது." பிறகு குணசேகரம் அந்தக் கடைசிச் சட்டத்தைச் சொன்னான். "அதுதான் வந்தனான். உனக்கு என்ன முறைப்பாடு இருந்தாலும் சொல்லு."

தவம் அவனை விசித்திரமாகப் பார்த்தான். "அதுக்கும் நான்தானோ வாய் திறக்க வேணும்? நீ செய்ததையும் நான்தான் உனக்கு எடுத்துச் சொல்ல வேணுமோ?" எழும்பிக் குசினிக்குள் போனான். கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வந்து அவனுக்கு முன்னால் இருந்தான். ஒரு கோப்பைதான். பிசைந்து சாப்பிடத் தொடங்கினான்.

"எல்லாரையும் கேட்டாய், குணம். ஏன் மாத்தினியள் எண்டு மண்டபத்திலை எழும்பி நிண்டு முழுச் சனத்தையும் கேட்டாயாம். என்னை மட்டும் கேக்கேல்லை. வேற ஒண்டும் இல்லை."

பிறகு அவன் வேறு விஷயங்கள் கதைத்தான். தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி ஒவ்வொரு நாளும் தன்னைப் பெயர் கேட்பதையும், ஒவ்வொரு நாளும் தான் ஒரு புதுப் பெயர் சொல்வதையும் சொல்லிச் சிரித்தான். கதை பழையபடி இருந்தது. கோப்பை மட்டும் ஒன்றாக இருந்தது. குணசேகரத்துக்குப் பசித்தது. இது தண்டனையா, அல்லது தான் இன்னும் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தவம் எண்ணுகிறானா? இந்த முறையும் அவன் கேட்கவில்லை.

தவம் கோப்பையைக் கழுவி வைத்தான். சட்டையை மாற்றினான். "எனக்கு வேலைக்கு நேரமாச்சு. வெளிக்கிடேக்கை கதவை இழுத்துவிட்டுப் போ" என்று சொல்லிப் படியிறங்கினான்.

குணசேகரம் குசினிக்குள் போய்ப் பார்த்தான். அடுப்பில் பானை இருந்தது. மூடியைத் தூக்கினான். ஒருவர் சாப்பிட அளவான சோறு மிச்சம் இருந்தது. பக்கத்தில் பருப்பும் கோழிக்கறியும். தவம் அளவு தெரிந்த சமையல்காரன், தனக்கென்று மட்டும் சமைத்திருந்தால் ஒரு பருக்கையும் மிஞ்சாது. அப்படியென்றால் இது யாருக்கு? வேலையால் வரப்போகும் அண்ணனுக்கா? தனக்கா? தனக்கென்றால் ஏன் வாயால் சொல்லவில்லை? அண்ணனின் சோறென்றால் எடுத்துத் தின்பது களவு. தனக்கு வைத்த சோறென்றால் தின்னாமல் போவது இரண்டாம் தரமும் அதே காரியம். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

பிறகு ஒரு கோப்பை எடுத்துப் போட்டான். நின்றபடியே சாப்பிட்டான். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்த பின் பயம் வந்தது. அலுமாரியில் அரிசியைத் தேடி எடுத்துக் கழுவி, அண்ணனுக்காக உலை வைத்தான். சோறு வெந்து இறக்கும் நேரத்தில் கதவு திறந்தது. பாலேந்திரன் நின்றார். தன் குசினியில் அகப்பையோடு நிற்கும் அந்நியனைப் பார்த்தார்.

"நீங்கள் ஆர்?"

"குணசேகரம். தவத்தோட லுசேர்ணிலை இருந்தனான்."

"ஓ. நடுவர்." முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சப்பாத்தைக் கழற்றினார்.

"தவம் சோறு வைச்சிட்டுப் போனவன், அண்ணை. உங்களுக்கோ எனக்கோ எண்டு தெரியேல்லை. நான் சாப்பிட்டிட்டன். உங்களுக்கு இப்ப சமைச்சனான்."

"எனக்கோ? நான் ஒவ்வொரு நாளும் வேலையிலை சாப்பிட்டிட்டுத்தானே வாறனான்" என்றார் பாலேந்திரன்.

குணசேகரம் அகப்பையைக் கீழே வைத்தான். பாலேந்திரன் வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கனக்கப் போட்டிட்டியள். சரி, இருக்கட்டும், தவம் வந்து சாப்பிடுவான்."

"சாப்பிடுவானோ, அண்ணை?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார் அவர். "நீங்கள்தானே அவனோட கனகாலம் இருந்தனியள்."

அடுப்பை அணைத்துவிட்டுக் குணசேகரம் கதிரையில் இருந்தான். லுசேர்ணுக்குத் திரும்பும் ரயிலின் நேரம் போனது, அடுத்ததும் போனது. அவன் எழும்பவில்லை.